நாற்பது விழுக்காடு: அயல்நாட்டுப் படப்பிடிப்புகளுக்கான அரசுச் சலுகையும் கோடம்பாக்கத்தின் அனுபவமும்

1. கேள்வி

2022 மே மாதம் கான் திரைப்பட விழாவில், அப்போது ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த அனுராக் தாக்கூர் ஒரு சலுகையை அறிவித்தார். இந்தியாவில் வந்து படம்பிடிக்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் இங்கே செய்யும் தகுதியான செலவில் 30 விழுக்காட்டை அரசு திருப்பித் தரும். உச்சவரம்பு 2 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் அதே அமைச்சர் விகிதத்தை 40 ஆகவும் வரம்பை 30 கோடியாகவும் உயர்த்தினார். பதினெட்டு மாதங்களுக்குள் வரம்பு பதினைந்து மடங்கு ஆகிவிட்டது. முதலில் அறிவித்த தொகை எவரையும் அசைக்கவில்லை என்று அரசே உணர்ந்ததன் அடையாளமாகவே இதை நான் படிக்கிறேன்.

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குள் 2015இல் தொடங்கப்பட்ட திரைப்பட வசதி அலுவலகம் இத்திட்டத்தைக் கையாள்கிறது. 40 விழுக்காடு என்பது மூன்று அடுக்குகளால் ஆனது. அடிப்படை 30. பணியாளர்களில் 15 விழுக்காட்டினராவது இந்தியராக இருந்தால் இன்னொரு 5. படத்தில் இந்தியக் கூறுகள் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் மேலும் 5. பணம் முன்கூட்டிக் கைக்கு வராது. செலவு செய்து, தணிக்கைக் கணக்கு காட்டிய பிறகே திரும்பக் கிடைக்கும்.

இந்த ரொக்கத் தள்ளுபடி அயல்நாட்டுப் படங்களைச் சென்னைக்குக் கொண்டுவருமா, வந்தால் அந்தப் பணம் யார் கையில் சேரும் என்பவை இக்கட்டுரையின் கேள்விகள். தியாகராய நகரிலும் வடபழனியிலும் இருக்கும் திரைத்தொழில் அலுவலகங்களில் ‘ஹாலிவுட் வரப்போகிறது’ என்ற பேச்சு கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை எழுந்து அடங்குவது வழக்கம். அந்தப் பேச்சைக் கணக்கோடும் வரலாற்றோடும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ்த் திரைப்படம் குறித்த ஆய்வுகள் அதன் அரசியலையும் நட்சத்திரங்களையும் நன்றாகவே அலசியிருக்கின்றன. சு. தியடோர் பாஸ்கரன், கா. சிவத்தம்பி, எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோரின் எழுத்துகள் இல்லாமல் இத்துறையைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஒரு படம் ஏன் இந்த ஊரில் எடுக்கப்பட்டது, அந்த ஊரில் ஏன் எடுக்கப்படவில்லை, அரசின் வரியும் மானியமும் அந்த முடிவில் எவ்வளவு பங்கு வகித்தன என்ற பொருளாதாரக் கேள்வி தமிழில் பெரும்பாலும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

வெளியுலகில் இது பழைய விவாதம். டோபி மில்லரும் அவரது சகாக்களும் எழுதி 2001இல் வெளிவந்த ‘குளோபல் ஹாலிவுட்’ நூல், பண்பாட்டு உழைப்பின் புதிய பன்னாட்டுப் பிரிவினை என்ற கருத்தின் வழியே இதை அணுகியது. எழுத்தும் முதலீடும் உரிமையும் கலிபோர்னியாவில் தங்கிவிடுகின்றன. உடலுழைப்பும் நேர உழைப்பும் மலிவான இடம் தேடி நகர்கின்றன. அரசுகள் சலுகையைக் காட்டி அந்த உழைப்புக்கு ஏலம் கேட்கின்றன.

அமெரிக்க மாநிலங்களுக்கிடையே நடந்த போட்டியை ஆராய்ந்தவர்களின் முடிவுகள் இன்னும் கறாரானவை. ராபர்ட் டான்னன்வால்ட் 2010இல் எழுதிய அறிக்கை, எப்படியும் வந்திருக்கக்கூடிய படங்களுக்கே மானியத்தில் கணிசமான பங்கு போய்விடுகிறது என்றும், கிடைக்கும் வரி கொடுத்த தொகையை ஈடுகட்டுவதில்லை என்றும் வாதிட்டது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் தாம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய ஊக்கத்தொகைகளால் வேலைவாய்ப்பிலும் தொழில் வளர்ச்சியிலும் ஏற்பட்ட மாற்றம் மிகச் சிறிது, பல நேரங்களில் அதுவும் இல்லை என்றது. மிச்சிகன் மாநிலம் 2008இல் 42 விழுக்காடு வரை அள்ளிக் கொடுக்கத் தொடங்கி 2015இல் அதை நிறுத்திவிட்டது.

மறுபக்கச் சான்றும் உண்டு. ஜார்ஜியா மாநிலம் அமெரிக்காவின் பெரிய படப்பிடிப்பு மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது மானியத்தால்தான் என்பதை மறுக்க முடியாது. வளரும் நாடுகளில் கொலம்பியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் கவனிக்கத்தக்கது. திரைப்படப் பணிகளுக்கான செலவில் 40 விழுக்காட்டையும், விடுதி, உணவு, போக்குவரத்துச் செலவில் 20 விழுக்காட்டையும் அது திருப்பித் தருகிறது. உள்ளூர்ச் சேவை நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் அயலார் வர முடியும். விடுதிக்காரருக்குப் போகும் பணத்தையும் ஒளிப்பதிவு உதவியாளருக்குப் போகும் பணத்தையும் அரசு ஒரே தட்டில் வைக்கவில்லை. இந்த வேறுபாட்டை நம் திட்டத்தை எழுதியவர்கள் பார்த்திருக்கலாம்.

3. வராமல் போனவை

இந்தியாவில் எடுக்க நினைத்து வேறு நாட்டுக்குப் போன படங்களின் வரலாறு, சலுகை பற்றிய பேச்சில் அதிகம் இடம்பெறுவதில்லை. ஆனால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜார்ஜ் கியூகர் இயக்கி 1956இல் வெளிவந்த ‘பவானி ஜங்ஷன்’ பிரிட்டிஷ் ஆட்சியின் இறுதி நாட்களில் இந்திய ரயில்வே நகரம் ஒன்றில் நடக்கும் கதை. எம்.ஜி.எம். நிறுவனம் இந்தியாவில்தான் எடுக்க விரும்பியது. இந்திய அரசு திரைக்கதைக்கு ஒப்புதல் பெற வேண்டும் என்றது, வரி கேட்டது, படத்தின் உலக இலாபத்திலும் பங்கு கேட்டது. பாகிஸ்தான் வரிச் சலுகை தந்தது. படக்குழு லாகூருக்குப் போயிற்று. அயல்நாட்டுப் படத்துக்காக இரண்டு வளரும் நாடுகள் போட்டியிட்டதற்கு இதைவிடத் தெளிவான பழைய உதாரணம் துணைக்கண்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’ (1984). கதை இந்தியாவில் நடக்கிறது. திரைக்கதையில் மாற்றமும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதலும் வேண்டும் என்று இந்திய அரசு நிபந்தனை விதித்ததால், ஸ்பீல்பெர்க்கின் குழு இலங்கையின் கண்டிக்குச் சென்றது. ஆட்சேபம் நியாயமில்லாதது என்று சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் இந்தியர்களைக் காட்டிய விதம் சகிக்கக்கூடியது அல்ல. ஆனால் நிபந்தனையால் படம் நிற்கவில்லை. அதே அவமதிப்பு அப்படியே வெளிவந்தது, கூலி மட்டும் இலங்கைத் தொழிலாளர்களுக்குப் போயிற்று.

தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ படப்பிடிப்பு 2000இல் வாரணாசியில் கலவரக்காரர்களால் நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர் இலங்கையில் ஒரு வாரணாசியைக் கட்டி 2005இல் படத்தை வெளியிட்டார். ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ படத்தையும் இலங்கையில்தான் எடுத்தார். இதற்கு எதிர்த்திசையில், ஈழப் போரின் முடிவிலிருந்து தொடங்கும் ழாக் ஓதியாரின் ‘தீபன்’ (2015, கான் விழாவின் தங்கப் பனை) தன் இலங்கைக் காட்சிகளுக்குத் தமிழ்நாட்டை நாடியது. வாரணாசியை இலங்கையிலும் இலங்கையைத் தமிழ்நாட்டிலும் தேட வைத்தது அரசியல். விலைப்பட்டியலுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

இந்த உதாரணங்களில் பணம் முன்னால் நின்றது ‘பவானி ஜங்ஷ’னில் மட்டும்தான், அங்கும் திரைக்கதை ஒப்புதலோடு சேர்ந்தே நின்றது. மற்றவை அனுமதியால் போயின. இன்றும் அயல்நாட்டுக் கதைப்படம் எடுக்க வருபவர் திரைக்கதையை ஒன்றிய அரசிடம் கொடுத்தாக வேண்டும். அது கிடைத்த பின் மாநில நிலையில் வரிசை தொடங்குகிறது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் என்றால் இந்து சமய அறநிலையத் துறை, அதைச் சுற்றிய மாட வீதிகள் என்றால் காவல் துறையும் மாநகராட்சியும், எழும்பூர் ரயில் நிலையம் என்றால் தெற்கு ரயில்வே, மாமல்லபுரம் என்றால் இந்தியத் தொல்லியல் துறை. டிரோன் பறக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி விதிகள். விமான நிலையத்துக்கு அருகே என்றால் இன்னும் தொல்லை. கோடம்பாக்கத்தின் புரொடக்‌ஷன் மேனேஜர்கள் இந்த வரிசையைப் பழக்கத்தாலும் ஆள்பழக்கத்தாலும் கடக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்று காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்கு கொடுக்க வேண்டிய அயலாருக்கு ஆள்பழக்கம் உதவாது.

அனுமதி கிடைத்தாலும் அது நிலைக்குமா என்ற ஐயத்தைத் தமிழ்நாடே வளர்த்திருக்கிறது. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ‘விஸ்வரூப’த்தை 2013 ஜனவரியில் மாநில அரசு தடுத்து நிறுத்தியது. அதே ஆண்டு ‘மெட்ராஸ் கஃபே’ எதிர்ப்புகளுக்குப் பின் இங்குள்ள திரையரங்குகளில் ஓடவில்லை. அந்தப் படத்தின் அரசியல் எனக்கு உடன்பாடானது அல்ல என்றாலும், தணிக்கையைத் தாண்டி வந்த படம் தெருவில் நிறுத்தப்படும் ஊரில் முதலீடு செய்ய அயல்நாட்டுத் தயாரிப்பாளர் யோசிப்பார் என்பதை எப்படி மறுப்பது? நாற்பது விழுக்காடு இந்த ஐயத்துக்கு விடை சொல்வதில்லை.

4. மானியத்தால் கோடம்பாக்கம் இழந்தது

திரைப்பட மானியம் என்ன செய்யும் என்பதைச் சென்னை வேறொரு கோணத்தில் அனுபவித்திருக்கிறது. பெறும் இடத்தில் இருந்தல்ல, இழக்கும் இடத்தில் இருந்து.

1950களிலும் 60களிலும் தென்னிந்திய மொழிகள் நான்குக்கும் படங்கள் பெருமளவில் இங்கேதான் தயாராயின. ஜெமினி, ஏவி.எம்., விஜயா-வாகினி, பிரசாத் ஆகிய ஸ்டூடியோக்களின் ஃப்ளோர்களில் காலையில் தமிழ், மாலையில் தெலுங்கு என்று வேலை நடந்தது. தெலுங்குத் திரையுலகின் முகவரியே தியாகராய நகர்தான். என்.டி. ராமாராவ் பசுல்லா சாலையில் வாழ்ந்தார். நடிகர் சங்கம் இருக்கும் அபிபுல்லா சாலையில் சாவித்திரியின் வீடு இருந்தது. ஊருக்கு வெளியே சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1952இல் வில்லியம் பெர்க் இயக்கத்தில் ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் நடித்த ‘த ஜங்கிள்’ என்ற அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பு அங்கேதான் உருவாயிற்று. எம்.என். நம்பியாரும் அதில் நடித்தார். அதற்கு முன்பே ‘சதி லீலாவதி’ (1936) முதல் ‘மந்திரி குமாரி’ (1950) வரை தமிழில் படம் இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இந்த முயற்சியிலும் இணைந்திருந்தார். யாரும் தள்ளுபடி கொடுத்து அவர்களை அழைக்கவில்லை. வேலை தெரிந்த ஆட்களும் முழுமையான ஸ்டூடியோவும் காடும் யானையும் ஒரே இடத்தில் கிடைத்தன; பங்குபோட ஒரு முதலாளியும் இருந்தார்.

மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகு அண்டை அரசுகள் தத்தம் திரைத்தொழிலைத் தாய்வீட்டுக்கு அழைக்கத் தொடங்கின. அறுபதுகளிலிருந்து ஆந்திரமும் கர்நாடகமும் தம் எல்லைக்குள் எடுக்கப்படும் படங்களுக்கு ரொக்க மானியம் தந்தன. ஆந்திர அரசு ஸ்டூடியோ கட்ட நிலமும் ஒதுக்கியது. எழுபதுகளில் அக்கினேனி நாகேஸ்வர ராவின் அன்னபூர்ணா ஸ்டூடியோ ஐதராபாத்தில் எழுந்தது. கேரளம் 1975இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி 1980இல் திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோவைத் திறந்தது. தெலுங்குத் தொழில் முழுவதும் ஒரே நாளில் மூட்டை கட்டவில்லை. நடிகர்கள் முதலில் போனார்கள். பாடல் பதிவும் லேப் வேலையும் டப்பிங்கும் வெகுகாலம் இங்கேயே நடந்தன. இசைக் கலைஞர்களும் ஒலிப்பதிவாளர்களும் இங்கே இருந்தார்கள் என்பதுதான் காரணம். மானியம் ஃப்ளோரை நகர்த்திவிட்டது. திறமையை நகர்த்த ஒரு தலைமுறை ஆயிற்று.

அந்த இடைவெளியில் சென்னை ஸ்டூடியோ நிலங்கள் வேறு பயன்பாட்டுக்குப் போயின. ஜெமினி இருந்த இடத்தில் வணிக வளாகமும் நட்சத்திர விடுதியும். வாகினி இருந்த இடத்தில் மருத்துவமனையும் மாலும். தரமணியில் 1994இல் ஜெயலலிதா பெயரில் திறக்கப்பட்டு, 1996இல் ஆட்சி மாறியதும் எம்.ஜி.ஆர். பெயருக்கு மாறிய திரைப்பட நகரம், அறிவிப்பின்போது தந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. இன்று அப்பகுதிக்கு அடையாளம் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள்.

அண்டை மாநில மானியங்கள் வென்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எதனால் வென்றன? அந்தப் படங்களுக்கான பார்வையாளரும் திரையரங்குகளும் அந்தந்த மாநிலத்திலேயே இருந்தன. தொகையோடு நிலமும் சேர்ந்து போனது. வந்தவர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். இருபது முப்பது ஆண்டுகள் அரசுகள் மாறியும் கொள்கை மாறவில்லை. அயல்நாட்டுப் படக்குழுவுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவர்களின் பார்வையாளர் வேறெங்கோ இருக்கிறார். மூன்று வாரம் வருவார்கள், போவார்கள். ஐதராபாத்தைக் காட்டி அயல்நாட்டு ரொக்கத் தள்ளுபடிக்கு வாதிடுவோர் இந்த வேறுபாட்டைத் தாண்டிச் செல்கிறார்கள்.

5. பாண்டிச்சேரியும் தைச்சுங்கும்

தமிழ்நிலத்தில் நடந்த அயல்நாட்டுப் படப்பிடிப்புகளில் அதிகம் பேசப்பட்டது ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ (2012). 2011 தொடக்கத்தில் பாண்டிச்சேரியிலும் மூணாறிலும் எடுத்தார்கள். கதாநாயகன் பாண்டிச்சேரிப் பையன் என்பதால் அந்த ஊரைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் ஏறத்தாழ 12 கோடி டாலர் செலவான அந்தப் படத்தின் பெரும்பகுதி தைவானில் உருவாயிற்று. தைச்சுங் நகரில் பயன்பாட்டில் இல்லாத விமான நிலையத்தில் அலை எழுப்பும் மாபெரும் நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். பாண்டிச்சேரி மிருகக்காட்சிச் சாலைக்குத் தைபே மிருகக்காட்சிச் சாலையும், மெக்சிகோக் கடற்கரைக்குத் தைவானின் தென்முனைக் கடற்கரையும் நின்றன. தைவான் அரசும் தைச்சுங் நகராட்சியும் நிதியாகவும் இடமாகவும் உதவின. ஆங் லீ தைவானில் பிறந்தவர் என்பதும் ஒரு காரணம்தான். ஆஸ்கர் மேடையில் அவர் தைவானுக்கு நன்றி சொன்னதில் வியப்பில்லை.

கதை நம்முடையது, கடல் அவர்களுடையது என்று ஆனதற்கு உறவு மட்டும் காரணமல்ல. அரசு கொடுத்தது வெறும் தள்ளுபடியாக இருந்திருந்தால் படம் முடிந்ததும் அந்தப் பணமும் முடிந்திருக்கும். தைவான் ஒரு வசதியையும், அதை இயக்கத் தெரிந்த ஆட்களையும் சம்பாதித்துக்கொண்டது. பின்னர் லுக் பெசோனின் ‘லூசி’யும் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘சைலன்ஸ்’ படமும் அங்கே எடுக்கப்பட்டன. ‘சைலன்ஸ்’ பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானைப் பற்றியது. தன் கதையே அல்லாத படத்தைத் தன் மண்ணில் எடுக்கவைப்பதுதான் படப்பிடிப்பு மையம் என்பதன் பொருள்.

மாத் பிரவுன் இயக்கிய ‘த மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ (2015) இன்னொரு வகை. கணித மேதை இராமானுஜனின் கதை திருவல்லிக்கேணியையும் துறைமுகக் கழக அலுவலகத்தையும் விட்டு வேறெங்கே தொடங்கும்? தேவ் படேல் நடித்த அந்தப் படத்தின் குழு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் தமிழ்நாட்டிலும் எடுத்தது. அப்போது இந்தியாவில் ரொக்கத் தள்ளுபடி கிடையாது. ‘தீப’னுக்கும் கிடையாது. கதை இழுத்து வந்த படங்கள் இவை. இதே படங்கள் இன்று எடுக்கப்பட்டால், சும்மா வந்திருக்கும் விருந்தாளிக்கு வழிச்செலவும் கொடுத்ததாகும். டான்னன்வால்ட் எழுப்பிய கேள்வி இங்கே பொருந்துகிறது.

6. கணக்கு

2022 திட்டப்படி இந்தியாவில் 100 கோடி செலவிட்ட படத்துக்கு, கூடுதல் ஊக்கத்தொகையை விட்டுவிட்டால், கிடைத்திருக்கும் தொகை 2 கோடி. பெயரளவில் 30 விழுக்காடு, உண்மையில் 2. புதிய வரம்பின்படி 75 கோடி செலவு வரை முழு 40 கிடைக்கும். 150 கோடி செலவிட்டால் உண்மையான விகிதம் 20க்கு இறங்கிவிடும். எனவே இது நடுத்தரப் படங்களுக்கான சலுகை. பெரும் படங்களை மொராக்கோவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ இங்கே திருப்பும் வலு இதற்கு இல்லை.

அரசுப் பெட்டியின் பக்கம் பார்ப்போம். 10 கோடி செலவுக்கு ஒன்றிய அரசு 4 கோடி திருப்பித் தருகிறது. அந்த 10 கோடியும் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரிக்கு உட்பட்டு முழுவதும் வசூலானது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 1.80 கோடி. அதில் பாதி மாநிலத்துக்கு. வருமான வரி கொஞ்சம் சேரும். மீதத்தைச் சுற்றுலா, பெயர், திறன் வளர்ச்சி என்ற கணக்கில்தான் எழுத வேண்டும்.

விசித்திரம் என்னவென்றால், மாநிலத்தின் கோணத்தில் இது நட்டமில்லாத வியாபாரம். தள்ளுபடி ஒன்றியத்தின் செலவு. விடுதி, வண்டி, பேட்டா, வரியில் பாதி எல்லாம் படம் எடுக்கப்படும் மாநிலத்துக்கு. அப்படியிருக்க, தமிழ்நாடு தன் பங்குக்கு ரொக்கம் சேர்க்காமலேயே இந்தத் திட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தேசியத் திரைப்பட விருதுகளில் ‘படப்பிடிப்புக்கு உகந்த மாநிலம்’ என்ற விருது 2015ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது குஜராத் பெற்றது. பிறகு உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம் பெற்றன. இவற்றில் எதற்கும் கோடம்பாக்கம் போன்ற ஒரு தொழில் கிடையாது. விண்ணப்பம் எங்கே கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்று எழுதிவைத்ததற்கான விருது அது. நூறாண்டுத் திரைத்தொழில் உள்ள மாநிலம் ஒருமுறைகூட அதைப் பெறவில்லை என்பதை நம் திரையுலகம் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டுக்குச் சலுகை புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததோடு அது பொருளிழந்தது. விளைந்தது பெயர்ப்பலகைத் தமிழ்தான். அதன் பயன் நுழைவுச்சீட்டு வாங்கியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அன்றே கேட்கப்பட்ட கேள்வி. சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்கு 7 இலட்சம் ரூபாய் மானியம் தனியே இருந்தது. நோக்கம் ஒன்று, நிபந்தனை இன்னொன்று என்று எழுதப்படும் சலுகை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

7. யாருக்கு வேலை

15 விழுக்காடு இந்தியப் பணியாளர் என்ற நிபந்தனை ஏறக்குறைய நிபந்தனையே அல்ல. இந்தியாவில் படமெடுக்க வரும் எந்த யூனிட்டும் ஓட்டுநர், லைட்மேன், தச்சர், சமையல், பாதுகாப்பு என்று உள்ளூர் ஆட்களைத்தான் வைத்துக்கொள்ளும். விமானக் கட்டணம் கொடுத்து எவரும் லைட்மேனைக் கூட்டி வருவதில்லை. எந்த நிலையிலுள்ள வேலை என்பதுதான் கேள்வி. ஒளிப்பதிவு, கலை, ஒலி, படத்தொகுப்பு ஆகிய துறைகளின் தலைமையிலோ முதல் துணைநிலையிலோ எத்தனை இந்தியர், எத்தனை பயிற்சி மாணவர் என்று விதி கேட்டிருக்க வேண்டும். தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ‘அடையாறு இன்ஸ்டிடியூட்’ என்ற பெயரில் பல தலைமுறை ஒளிப்பதிவாளர்களை உருவாக்கிய மரபு அது. அயல்நாட்டுப் படப்பிடிப்பில் ஆறு மாணவர்கள் இரண்டு மாதம் நிற்பது, மூன்று விடுதிகள் நிரம்பியதைவிட நெடுநாள் பயன் தரும்.

தொழிற்சங்கத்தைத் தடையாகக் காட்டும் வழக்கமும் உண்டு. 1967இல் தொடங்கிய தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. 2017இல் தயாரிப்பாளர் சங்கத்தோடு எழுந்த மோதலில் படப்பிடிப்புகள் நின்றன. சங்க விதிகளில் சில இறுக்கமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சலுகைப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூசிலாந்து எச்சரிக்கையாக இருக்கிறது. 2010இல் ‘ஹாபிட்’ படங்கள் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சத்தில், திரைப்படத் தொழிலாளர்களை ஊழியர் என்ற நிலையிலிருந்து ஒப்பந்ததாரர் நிலைக்குத் தள்ளும் சட்டத் திருத்தத்தை அந்நாடு அவசரமாக நிறைவேற்றியது. வரிச்சலுகையும் கூட்டிக் கொடுக்கப்பட்டது. ஒரு படத்துக்காகத் தொழிலாளர் சட்டத்தையே திருத்திய வளர்ந்த நாடு அது. நாம் எவ்வளவு தூரம் வளைவோம்?

சங்கத்தைவிட அயலார் அஞ்சுவது பாதுகாப்பின்மையைத்தான் என்று கருதுகிறேன். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. வளாகத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூவர் இறந்தனர். ‘காலா’வுக்காகத் தாராவியையே எழுப்பிய தச்சர்களும் கலை இயக்குநர்களும் உள்ள ஊர் இது, அந்தக் கைத்திறனுக்கு உலகில் எங்கும் மதிப்பு உண்டு. குறை பாதுகாப்பில்தான். தளப் பாதுகாப்பு அதிகாரி, எழுதப்பட்ட ஆபத்து மதிப்பீடு, காப்பீடு ஆகியவை எல்லாப் படப்பிடிப்புக்கும் கட்டாயமானால் முதற்பயன் நம் தொழிலாளருக்கு. பிறகுதான் ஹாலிவுட்டுக்கு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அயல்நாட்டுப் படப்பணம் படப்பிடிப்பாக அல்லாமல் பின்தயாரிப்பாக ஏற்கெனவே சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஏ.ஆர். ரகுமானின் கோடம்பாக்கம் இசைக்கூடம் தெரிந்ததே. சாலிகிராமத்தின் பிரசாத் நிறுவனம் பிற நாட்டவரின் பழைய படச்சுருள்களைச் சட்டம் சட்டமாகச் சீரமைத்துத் தருகிறது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டிஎன்இஜி போன்ற காட்சி விளைவு நிறுவனங்களுக்கு இங்கே கூடங்கள் உள்ளன. சென்னையின் உண்மையான அயல்நாட்டுத் திரைப்பட வருவாய் இதில்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் மானிய வானிலைக்கு ஆட்பட்டது. ‘லைஃப் ஆஃப் பை’யின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ், அதற்கான ஆஸ்கரைப் பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மலிவாக இருப்பதால் வந்த வேலை, இன்னும் மலிவான இடம் கிடைத்தால் போகும்.

8. தமிழ்நாட்டின் முன்னால் உள்ளது

2024 ஜனவரியில் கலைஞர் நூற்றாண்டுத் திரைவிழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின், பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமையும் என்று அறிவித்தார். அறிவிக்கப்பட்ட வடிவில் அது தமிழ்ப் படங்களுக்கான வசதி. ஆனால் தைச்சுங்கின் பாடத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒலித்தடுப்புள்ள பெரிய ஃப்ளோர்கள், அலைத் தொட்டி, தீ மற்றும் கிரேன் பாதுகாப்புத் தரச்சான்று ஆகியவை இருந்தால் கதை எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் படம் இங்கே வரக்கூடும். தரமணிக்கு நேர்ந்தது பூந்தமல்லிக்கு நேராமலிருக்க, அந்நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாதபடி சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

ரொக்கத்தில் உத்தரப் பிரதேசத்தோடும் தாய்லாந்தோடும் போட்டியிட்டு ஏலம் கேட்பது தமிழ்நாட்டுக்குத் தேவையற்றது. ஒன்றியம் தரும் நாற்பது போதும். மாநிலம் தர வேண்டியது நாள் குறித்த பதில்: விண்ணப்பித்த இத்தனை நாளுக்குள் அனுமதி அல்லது காரணத்துடன் மறுப்பு, கொடுத்த அனுமதியைக் கூச்சலுக்குப் பயந்து திரும்பப் பெறாத உறுதி. அதற்குப் புதிய செலவு எதுவும் இல்லை.

ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது. எந்தப் படத்துக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்கப்பட்டது, அது எந்த மாநிலத்தில் எத்தனை நாள் எடுக்கப்பட்டது, எத்தனை இந்தியர் எந்த வேலையில் எவ்வளவு கூலிக்கு இருந்தனர் என்ற பட்டியலை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பொதுப்பணத்தில் 30 கோடி பெறும் நிறுவனம் அந்த அளவு கணக்கு காட்டத் தயங்கினால், அந்தப் படம் இங்கே வரத் தேவையில்லை. நம் தொழிற்சங்கங்களும் தயாரிப்பாளர் சங்கமும் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையும் இக்கோரிக்கையை ஒருசேர எழுப்ப வேண்டும்.